மதுரையில் கடலுக்கு ஒரு ஹேக்கத்தான்: 12 லட்சத்தை எங்கே போடுவது?

வைகைக்கரையான் | சனி, இரவு 9.42

வணக்கம். எங்கள் பேட்ச் நண்பர்கள் சேர்ந்து 12 லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறோம். கடலோரத் தொழில்களில் இருக்கும் சிக்கல்களுக்குத் தீர்வு தேடி மதுரையில் ஒரு ஹேக்கத்தான், அதாவது மாணவர் அணிகள் விடாமல் உட்கார்ந்து தீர்வு ஒன்றைச் செய்து காட்டும் போட்டி, நடத்தலாம் என்று திட்டம். ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் 2017-ல் தொடங்கியதிலிருந்து நம் பிள்ளைகளுக்கு இந்த 36 மணி நேர ஓட்டம் நன்றாகவே பழகிவிட்டது. அதே அளவில் 36 மணி நேரம், 40 அணிகள்.

மதுரைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டிலேயே கேட்டார்கள். வைகை 258 கிலோமீட்டர் ஓடி ராமநாதபுரம் பெரிய கண்மாயைச் சேர்கிறது. வெள்ளம் வரும் ஆண்டில் அதையும் தாண்டி ஆற்றங்கரை என்ற ஊர் வழியாகக் கடலுக்குப் போகிறது. நாம் இங்கே ஆற்றில் விடுவதெல்லாம் அப்போது அங்கேதான் இறங்குகிறது. அங்கே பிடிபடும் மீன் விடியுமுன் நம் மாட்டுத்தாவணி மீன் மார்க்கெட்டுக்கு வந்துவிடுகிறது. இதற்கு மேல் என்ன சம்பந்தம் வேண்டும்?

இப்போது போட்டிருக்கும் கணக்கு: பரிசு 4 லட்சம். அரங்கம், சாப்பாடு, தங்கல் 3.5 லட்சம். மேடை, பேனர், டி-சர்ட், விளம்பரம் 2.5 லட்சம். மீதி 2 லட்சம் கைச்செலவுக்கு. எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம்? கடலோரத்து ஆட்கள் யாராவது இங்கே இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.

மார்க்கெட்_கணக்கர் | சனி, இரவு 11.15

அண்ணே, நான் 11 வருசமா மாட்டுத்தாவணியில ஒரு மீன் கமிஷன் கடையில கணக்கு எழுதுறேன். உங்க பதிவைப் படிச்சதும் நேத்து நடந்ததைச் சொல்லணும்னு தோணுச்சு.

ராத்திரி மூணு மணிக்கு ராமநாதபுரம் பக்கமிருந்து வண்டி வந்துச்சு. மேல் வரிசை தெர்மாகோல் பெட்டியைத் திறந்தா ஐஸ் அப்படியே கட்டியா கிடக்கு. அடி வரிசையில ஐஸ் முழுக்கத் தண்ணியாகி, பாறை மீன் அதுல மிதக்குது. கண்ணு உள்ள போயிருச்சு, செவுளைத் தூக்கிப் பார்த்தா காப்பித்தூள் நிறம். எங்க முதலாளி பாதி விலைக்கு எழுதச் சொன்னாரு. அனுப்புன சம்மாட்டி (படகு முதலாளி) போன்ல கத்துறாரு, "நான் பெட்டிக்குச் சரிக்குச் சரி ஐஸ் போட்டுத்தான் அனுப்புனேன்"னு. டிரைவர் "நான் எங்கயும் நிறுத்தல"ங்குறாரு. மூணு பேரும் உண்மை பேசுற மாதிரிதான் இருக்கு. எழுதுன கை எனக்குத்தான் உறுத்துது.

எந்த இடத்துல, எத்தனை மணிக்குச் சூடு ஏறுச்சுன்னு சொல்ற ஒரு சின்னப் பொருள் பெட்டிக்குள்ள இருந்தா இந்தச் சண்டையே வராது. 500 ரூபாய்க்குள்ள இருக்கணும். தண்ணியில விழுந்தாலும் சாகக் கூடாது. பெட்டியோட திரும்பிப் போகணும். இதை உங்க பிள்ளைங்க செய்வாங்களா?

இரண்டாமாண்டு_மின்னணு | ஞாயிறு, காலை 7.30

கண்டிப்பாகச் செய்யலாம் அண்ணா. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ மீனை 30 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்கு இறக்கவே சுமார் 325 கிராம் ஐஸ் உருகிவிடும். மீதி ஐஸ்தான் வழியில் வெளிச் சூட்டைத் தாங்க வேண்டும். சரிக்குச் சரி போட்டிருந்தும் அடி வரிசை உருகியிருந்தால், வண்டித் தளத்தின் சூடு ஏறியிருக்கலாம், அல்லது மீன் ஏற்கெனவே வெயிலில் கிடந்து சூடாக ஏறியிருக்கலாம். பெட்டியின் மேலும் கீழும் இரண்டு சென்சார் வைத்தால் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடலாம்.

எங்கள் அணிக்கு வேறொரு யோசனையும் இருக்கிறது. கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதும் போன் சிக்னல் போய்விடுகிறது. 865-867 மெகாஹெர்ட்ஸில் உரிமம் இல்லாமலே லோரா என்ற, குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் எட்டும் ரேடியோவைப் பயன்படுத்தலாம். கரையில் 30 மீட்டர் உயரத்தில் ஒரு ஆன்டெனா, படகில் 2 மீட்டரில் ஒன்று. பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்தாலும் கிட்டத்தட்ட 28 கிலோமீட்டர் வரை எட்டும். ஆபத்து என்றால் ஒரு பட்டனை அழுத்தினால் போதும்.

தென்கடல்மகள் | ஞாயிறு, மதியம் 1.05

எனக்குச் சொந்த ஊர் பாம்பன். மதுரையில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். அப்பா நாட்டுப்படகு, அம்மா பாசி எடுக்கப் போகிறவர். எங்கள் ஊரில் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்போம், பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்போம். அதனால்தான் இந்தப் பெயர்.

தம்பி, உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. 2017-ல் ஒக்கி புயல் நேரத்தில் கடலுக்குள் இருந்தவர்களுக்குச் செய்தி சொல்ல வழியில்லாமல் போனதை யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு 2019-ல் ஜெமினி என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை வரும், ஆனால் ஒருவழிதான், படகிலிருந்து பதில் சொல்ல முடியாது. அப்புறம் இஸ்ரோ தொழில்நுட்பத்தில் டிரான்ஸ்பாண்டர் வந்தது, அது இருவழி. செயலிகளும் இருக்கின்றன. இவை எல்லாம் இருக்கும்போது நீங்கள் இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்தால் அதை எங்கே மாட்டுவது?

அப்பாவின் வள்ளத்தில் ஏற்கெனவே ஒரு கருவி மாட்டியிருந்தார்கள். யார் கொடுத்தது என்பது இங்கே முக்கியமில்லை. நாலாவது மாதம் நான் ஊருக்குப் போனபோது அதைக் கழற்றி வீட்டு அலமாரி மேல் வைத்திருந்தார். சார்ஜ் போடும் முனையைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது, ரப்பர் மூடி காணாமல் போயிருந்தது. "ஈரக் கையோட அந்த மூடியைத் திறக்க நகம் பத்தலம்மா" என்றார். செய்தவருக்கு அந்த மூடி ஒரு ரூபாய்ப் பொருள். அப்பாவுக்கு அதோடு கருவியே போயிற்று.

அம்மாவின் கேள்வி இன்னும் சின்னது. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியை ஒவ்வொரு கொத்தாகப் பிடுங்கி வருகிறார். அதைக் கரையில் காயவைத்து எடைக்குப் போடும்போது "ஈரம் இருக்கு, மண்ணு இருக்கு" என்று கழிவு பிடிக்கிறார்கள். எவ்வளவு ஈரம் என்பது வாங்குபவர் கைக்கு மட்டும்தான் தெரியும். ஒரு பிடி பாசியை வைத்தால் ஈரம் இத்தனை சதவீதம் என்று சொல்லும் கருவி ஒன்று, எங்கள் தெருவுக்கே ஒன்று போதும், இருந்தால் அம்மா வாய் திறந்து பேசுவார். இதற்கு எந்த ஹேக்கத்தானிலும் பரிசு கொடுத்து நான் பார்த்ததில்லை.

வைகைக்கரையான் | ஞாயிறு, மாலை 6.20

அந்த ரப்பர் மூடியைப் பற்றிப் படித்ததிலிருந்து வேறு எதுவும் ஓடவில்லை. மிக்க நன்றி தங்கச்சி.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 6 வருடத்துக்கு முன்னால் நாங்கள் நாலு பேர் ஒரு கல்லூரி ஹேக்கத்தானில் மீனவர்களுக்கு என்று ஒரு செயலி செய்து முதல் பரிசு வாங்கினோம். பெரிய அட்டைக் காசோலையோடு எடுத்த படம் இன்னும் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அந்தச் செயலியை ஒரு மீனவர்கூடத் திறந்து பார்த்ததில்லை, நாங்களும் ஒரு மீனவரையும் கேட்டதில்லை. நடத்தியவர்களும் அடுத்த நாளிலிருந்து தொடர்பில் இல்லை. அந்தப் பணத்தில் பாதியை எங்கள் கையில் கொடுத்து "ஆறு மாதம் பாம்பனில் இருந்து இதை ஓட்டிக் காட்டு" என்று சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன். அப்போது எனக்கு 21 வயது.

பழைய_ஆடிட்டர் | ஞாயிறு, இரவு 8.50

பணப்பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

12 லட்சம் உங்கள் சொந்தப் பணம், அதை எப்படியும் செலவழிக்கலாம். மேற்கொண்டு கம்பெனிகளிடம் சி.எஸ்.ஆர்., அதாவது சமூகப் பொறுப்பு நிதி கேட்கும் எண்ணம் இருந்தால் கவனமாக இருங்கள். 2013 கம்பெனிகள் சட்டம் 135-வது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால் மாரத்தான், விருது விழா, விளம்பரம், டிவி நிகழ்ச்சிக்கு ஸ்பான்சர் என்று ஒரே தடவை நடந்து முடிகிற நிகழ்ச்சிகள் இந்தக் கணக்கில் வராது என்று 2014 ஜூனிலேயே மத்திய அரசு சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 36 மணி நேரத்தோடு முடிகிற ஹேக்கத்தானுக்கு என்று கேட்டால், விவரம் தெரிந்த கம்பெனிச் செயலாளர் முதல் பார்வையிலேயே திருப்பி அனுப்புவார்.

கரைக்குப் போய்க் கேள்வி எடுப்பது, ஹேக்கத்தான், அதன் பிறகு ஆறு மாதச் சோதனை என்று ஒரே தொடர் திட்டமாக எழுதினால் கதவு திறக்கும். தொடர் திட்டத்துக்கு, தொடங்கிய ஆண்டை விட்டு மேலும் 3 ஆண்டு வரை விதி இடம் தருகிறது. பணத்தை வாங்குகிற அமைப்பு 2021 ஏப்ரலிலிருந்து சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அதோடு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவும் வேண்டும். நண்பர்கள் குழுவின் வாட்ஸ்அப் எண்ணுக்கு யாரும் சி.எஸ்.ஆர். பணம் அனுப்ப மாட்டார்கள். பதிவுள்ள ஒரு கல்லூரி அறக்கட்டளையோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்.

சோதனையில் தேறி, கம்பெனியாகப் பதிவு செய்கிற அணிக்கு அடுத்த படி இருக்கிறது. தமிழக அரசின் புத்தொழில் இயக்கம் தரும் டான்சீட் மானியம் 10 லட்சம், பெண்கள் தலைமையிலான நிறுவனத்துக்கு 15 லட்சம் வரை. அதன் வட்டார மையம் நம் மதுரையிலேயே இருக்கிறது. உங்கள் 12 லட்சம் ஓர் அணியை அந்த வாசல் வரை கொண்டுபோய் விட்டால் போதும். அதற்கு மேல் இழுப்பது உங்கள் வேலையில்லை.

புதுமடம்_பழைய_மாணவன் | திங்கள், காலை 6.10

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கடல்சார் ஆய்வு மையம் மண்டபத்துக்கு இந்தப் பக்கம் புதுமடத்தில் இருக்கிறது. அங்கே படித்தவன். கடலில் எதையாவது இறக்கிச் சோதிப்பது என்று முடிவெடுத்தால், முதலில் எந்த இடத்தில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே ஒரு மிதவையைக்கூடக் கட்ட முடியாது. உச்சிப்புளியில் கடற்படை விமான தளம் இருப்பதால் அந்தப் பக்கம் டிரோன் யோசனையே வேண்டாம். சேட்டிலைட் போனும் அப்படித்தான், அனுமதி இல்லாமல் கையில் வைத்திருந்தாலே வழக்கு.

இன்னொன்றும் என் மனதில் ஓடுகிறது. கப்பாபைகஸ் பாசி நம் கடலில் இயற்கையாக இருந்ததில்லை. மூங்கில் மிதவையில் கட்டிவிட்டால் 45 நாளில் அறுவடை. பல குடும்பங்கள், அதிலும் பெண்கள், அதனால் நிமிர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதே பாசி குருசடைத் தீவில் பவளப்பாறைகள் மேல் படர்ந்து மூடியதை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கொண்டுவந்தவர்கள் கெட்ட எண்ணத்தில் கொண்டுவரவில்லை. கடலில் ஒரு காரியத்தின் விளைவு தெரிய வருடங்கள் ஆகும். அதனால் நடுவர்களில் ஒருவராவது "இதனால் என்ன கெடும்?" என்று மட்டும் கேட்பவராக இருக்கட்டும். அந்தக் கேள்விக்கும் மதிப்பெண் வையுங்கள்.

திருமங்கலம்_டீச்சர் | திங்கள், மாலை 5.45

எல்லையில் நம் மீனவர்கள் கைதாகிறார்களே, அதைப் பற்றி ஒரு தலைப்பு வைக்கக் கூடாதா? செய்தியில் அதைத்தானே அடிக்கடி பார்க்கிறோம்.

தென்கடல்மகள் | திங்கள், இரவு 9.15

டீச்சர், எங்கள் வீடுகளில் அது தினம் தினம் இருக்கும் பயம். ஆனால் 1974-லும் 1976-லும் இரண்டு அரசுகள் கடலில் போட்ட கோடு அது. வடகடலில் மீன் குறைந்தது, விசைப்படகு பெருகியது, அக்கரை மீனவர்களின் வலை அறுபடுவது என்று எல்லாம் அதில் பின்னிக்கிடக்கிறது. விசைப்படகுகளை ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்ற 2017-ல் படகுக்கு 80 லட்சம் என்று திட்டம் போட்டு, அதில் 70 சதவீதம் மானியம் கொடுத்தும் அந்த முடிச்சு அவிழவில்லை. 36 மணி நேரத்தில் பிள்ளைகளை அதற்குள் இறக்கிவிட்டால், கோட்டைத் தாண்டினால் மணி அடிக்கிற இன்னொரு கருவியைத்தான் செய்வார்கள். கோடு எங்கே இருக்கிறது என்று ஜி.பி.எஸ். வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும் டீச்சர்.

மார்க்கெட்_கணக்கர் | திங்கள், இரவு 10.30

தேதி பத்தி யாரும் பேசலையே. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகாது. வரத்துக் கம்மி, எங்களுக்கும் வேலை கம்மி. அப்ப நடத்துனா நாங்களும் வருவோம், விசைப்படகு ஆட்களும் கரையில இருப்பாங்க. ஆனா சித்திரைத் திருவிழா சமயம் வேணாம். மதுரையில ஒரு ரூம் கிடைக்காது.

இரண்டாமாண்டு_மின்னணு | திங்கள், இரவு 10.52

ஏப்ரல், மே எங்களுக்குத் தேர்வு. ஜூன் முதல் வாரம் என்றால் சரியாக இருக்கும்.

தென்கடல்மகள் அக்கா, ரேடியோ யோசனையை விட்டுவிட்டேன். நேற்று முழுவதும் மூடியைப் பற்றித்தான் யோசித்தேன். துளையே இல்லாமல், மேலே வைத்தால் சார்ஜ் ஏறுகிற மாதிரி செய்துவிட்டால் திறக்க வேண்டிய வேலையே இருக்காது. உள்ளே பிசின் ஊற்றி மூடிவிடலாம். அப்பாவின் பழைய கருவியை ஒரு நாள் பார்க்கக் கிடைக்குமா?

தென்கடல்மகள் | செவ்வாய், காலை 5.50

கிடைக்கும் தம்பி. அலமாரியிலேயேதான் இருக்கிறது.

தேதி விஷயத்தில் ஒன்று. சோதனையை எந்த மாதம் எந்தக் கடலில் என்று காற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சோழகம் என்கிற தென்காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல் கலங்கிக் கிடக்கும், வடகடல் அமைதியாக இருக்கும். வாடை என்கிற வடகாற்று தொடங்கியதும் அப்படியே மாறிவிடும். ஜூலை முதல் செப்டம்பர் வரை வடகடலில் ஓட்டுங்கள், ஐப்பசிக்குப் பிறகு தென்கடலுக்கு வாருங்கள். வடகடலில் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. அதையும் கேட்டுக்கொண்டு வரவேண்டும்.

அப்புறம், தயவுசெய்து சோதனைக்கு வள்ளத்தை இலவசமாகக் கேட்காதீர்கள். வருகிற எல்லாரும் "உங்களுக்காகத்தானே செய்கிறோம்" என்றுதான் கேட்கிறார்கள். ஒரு வள்ளம் ஒரு நாள் உங்களுக்காக நின்றால் டீசல், மூன்று ஆள் கூலி என்று 4,000 ரூபாய்க்குக் குறையாது. அந்த நாளின் மீன்பாடும் போய்விடும். அம்மா மாதிரிப் பெண்கள் வந்து உட்கார்ந்து பேசினாலும் அவர்களுக்கு ஒரு நாள் வருமானம் போகிறது. நடுவராக வருகிற பேராசிரியருக்கு மரியாதைத் தொகை கொடுப்பீர்கள் அல்லவா, அதே வரியில் இவர்கள் பெயரையும் எழுதுங்கள்.

வைகைக்கரையான் | செவ்வாய், இரவு 10.05

நேற்றும் இன்றும் நண்பர்கள் எல்லாரிடமும் பேசிவிட்டேன். இரண்டு பேர் கடைசி வரை பரிசுத் தொகையைக் குறைக்கக் கூடாது, குறைத்தால் நல்ல அணிகள் வராது என்றார்கள். அவர்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் "ஆறு மாதம் நாங்கள் பின்னால் நிற்போம்" என்று அழைப்பிலேயே எழுதினால், பரிசுக்காக மட்டும் வருகிறவர்கள் குறைவார்கள், வேலைக்காக வருகிறவர்கள் தங்குவார்கள் என்று நான் வாதாடினேன். ஒத்துக்கொண்டார்கள். 40 அணி இல்லை, 15 அணிதான்.

புதுக் கணக்கு இது. பரிசு 60,000, மூன்று அணிக்குத் தலா 20,000. இரண்டு நாள் நிகழ்ச்சி 2 லட்சம், மேடையும் டி-சர்ட்டும் கிடையாது. முன்கூட்டியே அணிகளைக் கரைக்கு அழைத்துப் போய்க் கேள்வி எடுப்பதற்கும், பேச வருகிற மீனவர்களுக்கும் பெண்களுக்கும் நாள் தொகை கொடுப்பதற்கும் 1.2 லட்சம். தேறிய மூன்று அணிக்கு ஆறு மாதச் சோதனைக்குத் தலா 2 லட்சம், மொத்தம் 6 லட்சம். அது மாதாமாதம் கரையிலிருந்து ஒருவர் "வந்தார்கள், ஓட்டினார்கள்" என்று கையெழுத்துப் போட்ட பிறகே வரும். வள்ள நாள் ஒன்றுக்கு 4,000 வீதம் அணிக்குப் பத்து நாள், 1.2 லட்சம். மீதி 1 லட்சம், அணிகள் கடைசியில் எதிலாவது மாட்டிக்கொண்டால் எடுக்க.

கேள்விகளும் மூன்றுதான். பெட்டியின் சூடு, பாசியின் ஈரம், உப்பில் சாகாத சார்ஜ் முனை. ஆடிட்டர் ஐயா, ஒப்பந்த வரைவை உங்களுக்கு அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள். புதுமடம் நண்பரே, "என்ன கெடும்" நாற்காலி உங்களுக்குத்தான்.

அணிகளை அழைப்பதற்கு முன்னால் நாங்கள் நாலு பேர் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறோம். வருகிற சனிக்கிழமை பாம்பன். தங்கச்சி, எத்தனை மணிக்கு வந்தால் அம்மாவைப் பார்க்கலாம்?

பழைய_ஆடிட்டர் | செவ்வாய், இரவு 10.20

அனுப்புங்கள். கையெழுத்துப் போடுகிற கரை ஆளுக்கும் மாதத் தொகை ஒன்று வையுங்கள், அந்த 1 லட்சத்தில் இடம் இருக்கிறது.

தென்கடல்மகள் | புதன், காலை 6.05

அம்மாவிடம் பேசினேன். ஆறு மணிக்குள் வந்துவிட வேண்டும், அதற்கு மேல் இறங்கிவிடுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மதுரையில் வண்டி எடுத்தால் சரியாக இருக்கும். செருப்பு வேண்டாம், பழைய ஷூ போட்டு வாருங்கள், பாறை கிழிக்கும். தராசில் கழிவு பிடிப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் மதியம் வரை இருக்க வேண்டியிருக்கும்.

திருமங்கலம்_டீச்சர் | புதன், காலை 7.40

என் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிற இரண்டு பெண்கள் கடலையே பார்த்ததில்லை. நானும் கூட வந்து பார்த்துக்கொள்கிறேன். வண்டியில் இடம் இருக்குமா?

தென்கடல்மகள் | புதன், காலை 7.52

கூட்டிட்டு வாங்க டீச்சர். முழங்கால் தண்ணியில நின்னு பார்க்கலாம். அம்மாகிட்ட மாத்துக் கண்ணாடி ரெண்டு இருக்கு.